சொன்னவள் பெயர்

கீர்த்திகா வண்டியை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வழுக்கும் வரப்பில் இரண்டு முறை விழப் பார்த்து, ஒருவழியாக அம்மா நின்ற கழனிக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியபடி அவள் சொன்ன முதல் பேச்சு இது.

"மா, நீ காப்பி அடிச்சிட்டன்னு சொல்றாங்க."

நடவுக்குக் குனிந்திருந்த ஒன்பது பெண்களும் நிமிர்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய நடவு அது. ஆனாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தபிறகு எந்த இடுப்பு குனியும்?

தனக்கொடி நாற்றுமுடியைக் கீழே போட்டாள். "நானா? எட்டாவதோட நின்னவ நானு. பரிட்ச எழுதி முப்பத்தஞ்சு வருஷமாவுது. யார பாத்துடி காப்பி அடிச்சேன்?"

"அப்பாவ பாத்து."

கீழ்க்கழனிக்காரி விருத்தாம்பாள் சேற்றில் உட்காராத குறையாகச் சிரித்தாள். "சிங்காரவேலு எப்ப எழுதிச்சி, நீ எப்ப பாத்த? அது கையெழுத்து போடறதுக்கே கண்ணாடிய ரெண்டு நாளு தேடுமே!"

கீர்த்திகா சிரிக்கவில்லை. மகளின் கண்ணோரம் சிவந்திருந்ததைப் பார்த்த தனக்கொடி, சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பிக்கொண்டு வரப்பேறினாள்.

இதைக் கொஞ்சம் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். கீர்த்திகா புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் நான்கு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். புயல் வெள்ளக் காலங்களில் விவசாயக் குடும்பங்களில் பெண்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. இதை முதல்முறை கேட்டபோது தனக்கொடி, "எடுக்காமத்தான் ஊரு பொழைக்குதா? இதுக்கு நாலு வருஷமா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, மகள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவதில் அவளுக்குச் சொல்ல முடியாத பெருமை. அந்த ஆய்வேட்டின் நான்காவது இயல் முழுக்க தனக்கொடி செய்த காரியம்தான்.

போன வருஷம் கார்த்திகையில் புயல் கரையேறிய மறுநாள், பாகூர் ஏரிக்குக் கீழே கடைசி மதகை ஒட்டிய பதினாலு கழனியும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. சம்பா ஐம்பது நாள் பயிர். இன்னும் இரண்டு மூன்று நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். மேல்கழனிக்காரர்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் வரப்பை வெட்டினால் அத்தனை தண்ணீரும் கீழ்க்கழனிகள் மேல் இறங்கி, பயிரையும் வரப்பையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகும்.

தனக்கொடி யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதலில் எல்லோருமாக வடிகாலில் அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட வேண்டும். பிறகு ஆகக் கடைசிக் கழனியின் வரப்பை முதலில் வெட்ட வேண்டும். அதில் பயிரின் தலை தெரிந்தபிறகு அதற்கு மேல்கழனி, அதற்கும் பிறகு அதற்கு மேல். இதுதான் அவள் கேட்டது. மேல்கழனிக்காரர்கள் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்? மேல்கழனிக்காரரும் ஏரிச் சங்கத் தலைவருமான தணிகைவேல் வீட்டு வாசலில் மட்டும் முக்கால் மணி நேரம் நனைந்தபடி நின்றாள். அவர் உள்ளிருந்து "சிங்காரவேலு இன்னா சொல்றான்?" என்று கேட்டார்.

வெளியூர் போயிருந்த சிங்காரவேலு இன்னும் திரும்பவில்லை. அவளுக்குப் பளிச்சென்று ஒரு பொய் வந்தது. "அவருதான்ணே போன்ல சொன்னாரு. இந்த மாதிரி இந்த மாதிரி செய்யச் சொல்லுன்னு."

மண்வெட்டி கீழே இறங்கியது. அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் கேட்பதற்கு முன்பே சொன்னாள். இரண்டரை நாளில் பதினாலு கழனியும் வடிந்தன. பயிர் பிழைத்தது.

இந்தப் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. உரம் வாங்கப் போனாலும் சரி, பால் சங்கத்தில் நின்றாலும் சரி, பேர் கேட்டால் பெண்கள் வாயில் புருஷன் பேர்தான் வரும். பட்டா அவர் பேரில், அட்டை அவர் பேரில். சிங்காரவேலு இருபத்தாறு வருஷம் பஞ்சாலைக்குப் போய்விட்டு, ஆலை மூடியபிறகு ஊரோடு வந்தவர். கழனியை அதுவரைக்கும் பார்த்தவளும் தனக்கொடிதான், அதற்கப்புறம் பார்ப்பவளும் அவள்தான். நல்ல மனுஷர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கழனிப் பக்கம் சாயங்காலமாகக் காலாற வருவார், அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்த நாலாம் நாள் முத்துக்குமார் என்று ஒருவர் வந்தார். இணையத்தில் செய்தி எழுதுகிறவர். தனக்கொடி வரப்பில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள், அவர் போனில் பதிந்துகொண்டார். பேர் கேட்டார். சுற்றிலும் பதினாலு கழனிக்காரர்களும் நிற்கிறார்கள். சொன்ன பொய்யை அவர்கள் முன்னால் எப்படி மாற்றுவது? "சிங்காரவேலு" என்றாள். மறுநாள் முத்துக்குமார் படமெடுக்க வந்தபோது சிங்காரவேலு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். "பதினாலு கழனியைக் காப்பாற்றிய விவசாயி" என்று கட்டுரை வந்தது. பொங்கலுக்கு ஒரு விழாவில் அவருக்குச் சால்வை போட்டு ஷீல்டு கொடுத்தார்கள். தனக்கொடி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அன்றைக்கு அவளுக்கு அது ஒன்றும் உறுத்தவில்லை.

மாசியில் கீர்த்திகா அம்மாவை உட்காரவைத்துப் பதிவு செய்தாள். ஒரு கதையை முப்பது பேரிடம் சொன்னவள் முப்பத்தோராவது ஆளிடமும் அதே வார்த்தையில்தான் சொல்லுவாள். கீர்த்திகா அதை ஒரு எழுத்து மாற்றாமல் ஆய்வேட்டில் போட்டாள். இப்போது கல்லூரியில் அந்த ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எதிலிருந்தாவது எடுத்ததா என்று பார்த்தார்கள். நான்காவது இயலில் மூன்று பக்கம் சிவப்பாக வந்தது. டிசம்பரில் இணையத்தில் வந்த கட்டுரையில் சிங்காரவேலு என்பவர் சொன்னதை, பிப்ரவரியில் தனக்கொடி என்பவர் அப்படியே சொல்லியிருக்கிறார்.

"கைடு மேடம் இன்னாதான் சொல்றாங்க?" என்றாள் தனக்கொடி.

"கல்பனா மேடம் மேல தப்பில்லமா. அந்தக் கட்டுர இருக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம வூட்டு விஷயம், இதுக்குப் போயி நெட்ட காட்டணுமான்னு நான்தான் போடாம வுட்டுட்டேன். அது மறைச்ச மாதிரிதான்னாங்க. இப்ப கட்டுரைய மேற்கோளா போடணும். எழுதனவரு பேரு, கட்டுர பேரு, வந்த தேதி, நாம பாத்த தேதி, எல்லாம்."

"சொன்னவ பேரு?"

"கட்டுரையில எந்தப் பேரு இருக்குதோ அது."

"அப்ப என் பேரு?"

கீர்த்திகா வரப்புப் புல்லைப் பிடுங்கினாள். "நீதான் செஞ்சன்னு வெளி ஆளுங்க கையெழுத்தோட, தேதி போட்டு, எழுத்துல ஏதாவது இருந்தா ரெண்டையும் போட்டு, கட்டுரையில பேரு தப்புன்னு வெளக்கம் எழுதலாமாம். இல்லன்னா அந்த இயல எடுத்துடச் சொல்றாங்க. பொம்பளைங்க எடுத்த முடிவுன்னு தலைப்பு வெச்சிட்டு உள்ள அப்பா பேர போட முடியுமா? அடுத்த வெள்ளிக்கெழம குடுக்கணும். நாலு வருஷம்மா."

தனக்கொடி புல்லைப் பிடுங்கும் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன ஒரு பொய், இங்கே வந்து தன் மகள் கழுத்தைப் பிடிக்கிறது. எழுத்தில் வேண்டுமாம், வெளி ஆளாம். வெளி ஆட்கள் அத்தனை பேரும் சிங்காரவேலுதான் சொன்னார் என்றல்லவா நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் வீட்டில் மணப்பட்டு மீன்காரியிடம் வாங்கிய காரப்பொடி மீனில் குழம்பு. சிங்காரவேலு முள்ளை ஒதுக்கி ஒதுக்கி ரசித்துச் சாப்பிட்டார். ஷீல்டு அவர் தலைக்கு மேலே டி.வி. பக்கத்தில் இருந்தது. மகள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

"இதுக்கா இவ்ளோ? என் பேரயே போட்டுக்க. ஒரே வூடுதான கண்ணு."

"ஒரே வூடுதான? அப்ப என் பேர போடலாமே" என்றாள் தனக்கொடி.

"நா இல்லன்னு சொல்லலியே தனம். ஊரு பூரா தெரிஞ்சு போச்சு. சால்வ போட்டாங்க. ஞாயித்துக்கெழம சங்கத்துல என்னைய செயலாளரா போடறாங்க. இந்த நேரத்துல போயி, அய்யா நா ஒண்ணும் சொல்லல, எம் பொண்டாட்டிதான் சொன்னான்னா, எவன் மதிப்பான்? டீக்கடையில ஒக்கார முடியுமா?"

"பொண்ணு படிப்பு?"

"படிப்பு போவாது. ஒரு பேருதான மாறுது?" என்றவர், மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "போன்ல நா சொன்னேன்னு ஊருக்கெல்லாம் சொன்னதே நீதான? நா கேட்டனா?"

அவர் கேட்கவில்லைதான். அதனால்தான் தனக்கொடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாப்பாடு ஆனதும் கீர்த்திகா முத்துக்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் தங்கமான பையனாகத்தான் பேசினார். "யக்கா, நீங்கதான் பேசனீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா பேரு கேட்டப்ப அண்ணன் பேர சொன்னது நீங்க. அந்த ரெக்கார்டு பழைய போனோட போச்சு. இப்ப திருத்தம் போடணும்னா, பேரு வந்தவரே எழுதிக் குடுக்கணும்றாங்க ஆபீஸ்ல. அண்ணன ரெண்டு வரி எழுதி கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்லுங்க."

"நா சொன்னத நா சொன்னேன்னு சொல்றதுக்கு அவரு கையெழுத்து வோணுமா?"

"ரூல்ஸ் அப்பிடிக்கா."

சிங்காரவேலு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். கீர்த்திகா போனைப் பைக்குள் போட்டாள். பிறகு, "வுடும்மா. நாலாவது இயல எடுத்துட்டு மீதிய குடுத்துடறேன். பட்டம் வந்தா போதும்" என்றாள்.

தனக்கொடிக்குச் சுரீர் என்றது. தன் பேர் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. படித்த பெண், நாலு வருஷமாக ஊர் ஊராகப் போய் மற்ற பெண்களிடம் 'நீங்கதானே செஞ்சீங்க, உங்க பேரைச் சொல்லுங்க' என்று கேட்டு வாங்கி எழுதியவள், பெற்றவள் பேர் வரும்போது வுடும்மா என்கிறாள்.

"எடுத்துப்பாரு, தெரியும்" என்றாள். "நா அன்னிக்கி மழையில பொய் சொன்னேன், பயிரு பொழச்சுது. இன்னிக்கி நீ ஒண்ணும் நடக்கலன்னு பொய் சொல்லப் போற. இதுல எது பொழைக்கும், சொல்லு பாக்கலாம்?" எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனவள், திரும்பி வந்து மறுபடியும் சொன்னாள். "எடுத்துப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைக் கட்டிடத்தில் சங்கக் கூட்டம். வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். விருத்தாம்பாளும் கழனிக்காரி என்பதால் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தனக்கொடி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கணவர் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தார். கீர்த்திகா வாசலில் வண்டி மேல் சாய்ந்து நின்றாள். அம்மா வரச் சொன்னதால் வந்தாளே தவிர, எதற்கென்று அவளுக்குத் தெரியாது. உள்ளபடி சொன்னால் தனக்கொடிக்கே தெரியாது. செயலாளர் பேர் வாசிக்கும் நேரத்தில் எழுந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். உட்கார்ந்தபிறகு எந்த இரண்டு வார்த்தை என்பது பிடிபடவில்லை.

மழைக்காலம்தான் முதல் பேச்சு. தணிகைவேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "போன வருஷம் மாதிரி தண்ணி வந்துதுன்னா இன்னா பண்றதுன்னு இப்பவே முடிவு பண்ணி நோட்டுல எழுதி வெச்சிடுவோம். சிங்காரவேலு, நீயே சொல்லிடு. உனக்குத்தான் தெரியும்."

சிங்காரவேலு எழுந்து துண்டைச் சரிசெய்தார். "போன வருஷம் செஞ்ச மாதிரியே செஞ்சிட வேண்டியதுதான். கீழேருந்து ஒவ்வொண்ணா. மொதல்ல விருத்தாம்பா கழனி வரப்பு."

சங்க எழுத்தர் கலைவேந்தன் எழுதிக்கொண்டே வாய்விட்டு வாசித்தான். "சிங்காரவேலு அவர்கள் கூறியபடி, முதலில் விருத்தாம்பாள் கழனி வரப்பை..."

"நிறுத்து" என்றாள் தனக்கொடி.

எழுந்து நின்றுவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "விருத்தாம்பா கழனிக்குக் கீழ சித்திரையில சிமெண்ட்டு ரோடு போட்டாங்களே, யாராவது போயி பாத்தீங்களா? முன்ன அங்க ரெண்டு ஆளு அகலம் தண்ணி போவும். இப்ப ஒரு குழா வெச்சிருக்கான், என் தலை நுழையாது. மேல இருக்கற தண்ணியெல்லாம் ஒண்ணொண்ணா வுட்டா, அந்தம்மா கழனியில வந்து முட்டி நிக்கும். இந்த வருஷம் அது கொளமாத்தான் ஆவும்."

விருத்தாம்பாள் வாயில் கை வைத்தாள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குழாயை யாருமே போய்ப் பார்த்திருக்கவில்லை.

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றார் தணிகைவேல், சிங்காரவேலுவைப் பார்த்து.

"அவர ஏன்ணே பாக்கற? அவருக்குத் தெரியாது. போன வருஷமும் தெரியாது."

உட்காரப் போன சிங்காரவேலு அப்படியே நின்றார்.

தணிகைவேலுக்குக் கோபம் வந்தது. "இன்னாம்மா பேசற? அவன் போன்ல சொன்னான்னு எங்க வூட்டு வாசல்ல வந்து சொன்னது யாரு? நீதான?"

"நான்தான். பொய் சொன்னேன். புயல்ல டவரெல்லாம் வுழுந்து அஞ்சு நாளு ஒருத்தர் போனும் வேல செய்யல. உன் போனுந்தான் செத்துக் கெடந்துது. அவரு எந்த போன்ல பேசியிருப்பாரு? அன்னிக்கி ஒருத்தருக்காவது அது தோணிச்சா? நா சொல்றேன்னு வந்திருந்தா நீ மம்மட்டிய கீழ வெச்சிருப்பியா, சொல்லு. முக்கா மணி நேரம் நனைய வுட்டியே!"

யாரோ பின்னாலிருந்து, "அட, ஆமாய்யா. டவர் இல்ல" என்றார்கள். இன்னொருத்தர் இருமினார். வாசலில் கீர்த்திகா சாய்ந்திருந்த வண்டியை விட்டு நிமிர்ந்தாள்.

எல்லார் கண்ணும் சிங்காரவேலு மேல் போனது. தனக்கொடிக்கு அந்த நேரம் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் உட்காரவில்லை. அவர் ஏதாவது மறுத்துச் சொன்னால் அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

சிங்காரவேலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவ சொல்றது நெசந்தான்" என்றார். "அன்னிக்கி மடுகரையில என் தங்கச்சி வூட்டு மாடியில ஒக்காந்துனு இருந்தேன். ரோடெல்லாம் தண்ணி. இவ உயிரோட இருக்காளான்னுகூட எனக்குத் தெரியாது. வந்து பாத்தா பயிரு நிக்குது, என்ன பாத்து எல்லாரும் கையெடுத்து கும்புடறீங்க. வாணாம்னு சொல்ல வாய் வரல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அவளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தணிகைவேல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தனக்கொடி பக்கம் திரும்பி, "சரிம்மா. சொல்லு. இந்த வருஷம் எங்க வெட்டறது?" என்றார்.

அவள் சொன்னாள். முதல் வெட்டு தங்கள் கழனியில், மேலிருந்து ஒன்பதாவது கழனியில். அங்கிருந்து மேற்கே பழைய ஓடைக்கு ஒரு கால்வாய் இறக்க வேண்டும். ஓடை வாய் முள்ளடைந்து கிடக்கிறது, இந்த வாரமே ஆளுக்கு ஒரு நாள் வந்து திறந்துவிட வேண்டும். மேலே உள்ள எட்டும் அந்த வழி, கீழே உள்ள ஐந்து மட்டும் ரோட்டுக் குழாய் வழி. தணிகைவேல் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் இருந்தது. ஐந்தாவதாக ஒன்று கேட்டார், அதற்கு "தெரியாது, போயி பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள். அதற்குப்பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன வருஷத்து விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடச் சொன்னார் தலைவர். செயலாளர் பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது.

கீர்த்திகா உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். தேதி போட்ட பக்கம், எண் போட்ட தீர்மானம், கீழே போடப்போகும் முப்பது கையெழுத்து. கல்லூரியில் கேட்டது இதைத்தான். அவள் போனில் கேமராவைத் திறந்தாள். கலைவேந்தன் முதலில் எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, புது வரியை எழுதத் தொடங்கினான். வழக்கம்போல வாய்விட்டு வாசித்துக்கொண்டே எழுதினான்.

"கடந்த ஆண்டு புயலின்போதும், இவ்வாண்டும், சிங்காரவேலு மனைவி தனக்கொடி அவர்கள் கூறியபடி..."

"இன்னாப்பா எழுதற?" தனக்கொடி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "இவ்ளோ நேரம் இவர எழுதனியே, தனக்கொடி புருஷன்னா எழுதன? வெறும் சிங்காரவேலுன்னுதான எழுதன? என்னையும் வெறும் தனக்கொடின்னு எழுது."

கலைவேந்தன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தலைவரைப் பார்த்தான். தலைவர் சிங்காரவேலுவைப் பார்த்தார்.

"என்ன ஏன்யா பாக்கறீங்க?" என்றார் சிங்காரவேலு. "அவதான் சொல்றாளே. எழுது."